ஏஐ எழுதித் தந்த விளம்பரம் வேலை செய்யவில்லையா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

சிறு தொழில் நடத்துபவர்களுக்கு இணையப் பக்கமும் விளம்பரமும் எழுதிக் கொடுப்பது என் வேலை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, அவர்களே ஏஐயிடம் எழுதி வாங்கியதைச் சரிசெய்து கொடுப்பதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. வரும் புகார்கள் சுற்றிச் சுற்றி அதே சில புகார்கள்தான். கருவியை மாற்றுவதாலோ, விலை கூடிய திட்டத்துக்குத் தாவுவதாலோ தீர்ந்தவை ரொம்பக் குறைவு. கருவிக்கு நாம் என்ன கொடுத்தோம், வந்ததை எங்கே கொண்டுபோய்ப் போட்டோம் என்ற இரண்டில் ஒன்றில்தான் பழுது இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் செலவே இல்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன், காசு கேட்கும் வழி கடைசியில்.

ஆரம்பிக்கும் முன் மூன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் கொடுத்த ப்ராம்ப்ட் (எழுதச் சொல்லி ஏஐயிடம் தட்டச்சு செய்தது), ஏஐ தந்த முதல் வரைவு, கடைசியில் வெளியிட்டது. நடுவில் உள்ளதை யாரும் சேமித்து வைப்பதில்லை. அது இல்லாவிட்டால் தவறு எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

## அறிகுறி: படித்தால் யாருடைய தொழில் என்றே தெரியவில்லை

சோதனை: உங்கள் தொழிலின் பெயரை அழித்துவிட்டு, போட்டியாளர் பெயரைப் போட்டுப் படியுங்கள்.

எல்லா வரியும் அவருக்கும் பொருந்துகிறதா? அப்படியானால் ஏஐயிடம் தகவலே போகவில்லை. "மடிக்கணினி பழுது பார்க்கும் நிலையத்துக்கு ஒரு பதிவு எழுது" என்று கேட்டால், உலகத்தில் உள்ள எல்லா நிலையத்துக்கும் பொதுவான ஒன்றுதான் வரும். வேறு எதை வைத்து எழுதும், பாவம்?

ஒரு பக்கத்துக்கு மிகாமல் தகவல் தாள் ஒன்று தயார் செய்யுங்கள். அதில் 'தரமான சேவை, நம்பகமான குழு' என்று எழுதி வைத்தால் பயனில்லை. "திரை மாற்ற 4 மணி நேரம். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்துவிடுவோம். டேட்டாவை மீட்க முடியாவிட்டால் கட்டணம் இல்லை. தண்ணீர் புகுந்த கருவிகளை எடுப்பதில்லை." இப்படி இருக்க வேண்டும். எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதையும் கட்டாயம் சேருங்கள். அந்த ஒரு வரி மற்ற எல்லா வரிகளுக்கும் நம்பகம் சேர்க்கிறது. ஏஐ தானாக ஒருபோதும் அதை எழுதாது.

தாளை நிரப்ப என்ன எழுதுவது என்று யோசித்து உட்கார்ந்திருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த விசாரணைகளைத் திறங்கள். வாங்குவதற்கு முன்னால் மக்கள் என்ன கேட்கிறார்கள்? எந்தச் சொல்லில் கேட்கிறார்கள்? நீங்கள் 'தரவு மீட்பு' என்று எழுதுவதை அவர்கள் 'போட்டோ எல்லாம் திரும்பக் கிடைக்குமா?' என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியை அப்படியே தாளில் போடுங்கள். ஏஐயிடம் கொடுக்கும்போது பெயர், தொலைபேசி எண், முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

தாள் கொடுத்தும் சப்பென்றுதான் வருகிறதா? ஒரே சாட்டில் நாள்கணக்காக எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய பதிவின் நடையும் வரிகளும் புதியதில் கசியும். புது சாட் திறந்து, தாளை மறுபடி ஒட்டி, ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள்.

அப்புறம் 'கவர்ச்சியாக எழுது', 'வைரலாக எழுது' மாதிரியான கட்டளைகளை எடுத்துவிடுங்கள். ராக்கெட் படமும் ஆச்சரியக்குறியும் வந்து விழுவது அதனால்தான். பதிலாக யாருக்கு, எந்த இடத்தில், அவர் படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றைச் சொல்லுங்கள்.

கட்டணத் திட்டம் வாங்கலாமா? முதலில் இதே தாள், இதே கேள்வியை இரண்டு வேறு இலவசக் கருவிகளில் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் சப்பென்று வந்தால் பழுது தாளில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் நன்றாக வந்தால் அந்தக் கருவிக்கு மாறுங்கள். அதன் பிறகும் போதாதபோதுதான் கட்டணம்.

'இது ஏஐ எழுதியது' என்று ஒரு கண்டறியும் கருவி சொல்கிறதா? விட்டுத்தள்ளுங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர்கள் நடத்திய சோதனையிலேயே ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாக ஏஐ என்றது. ஏஐ எழுத்தை 'மனிதத்தன்மை' உள்ளதாக மாற்றித் தருவதாகச் சொல்லும் கருவிகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அவை சொற்களைக் கலைத்துப் போடும், தகவலைச் சேர்க்காது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: தளத்தின் முகப்புப் பக்கத்துக்கும் 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கும் ஒரு தடவை விளம்பர எழுத்தாளர் ஒருவரை வையுங்கள். உங்களிடம் கேள்வி கேட்டு எழுதுபவராக இருக்கட்டும். கேள்வியே கேட்காமல் "அனுப்பிடுறேன்" என்பவர், அதே ப்ராம்ப்டைத்தான் போடப்போகிறார்.

## அறிகுறி: தமிழில்தான் இருக்கிறது, ஆனால் வாய்க்கு வரவில்லை

சத்தமாகப் படியுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு கோடு போட்டுக்கொண்டே போங்கள். கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கையால் திருத்திவிடலாம். பக்கம் முழுக்க இருந்தால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, அதைத் தமிழாக்கச் சொன்னீர்களா? முக்கால்வாசிப் பேரிடம் இதுதான் காரணம். தகவல் தாளையே தமிழில் எழுதி, புது சாட்டில் தமிழிலேயே கேளுங்கள். இலக்கணம் பார்க்காமல் பேசுகிறபடி எழுதினால் போதும். வித்தியாசம் முதல் வரைவிலேயே தெரியும்.

உங்கள் நடைக்கு மாதிரி கொடுத்தீர்களா? வாடிக்கையாளருக்கு நீங்களே தட்டச்சு செய்து அனுப்பிய நான்கைந்து பதில்களைக் கொடுத்து, 'இந்தத் தொனியில்' என்று சொல்லுங்கள்.

விளிப்பு கலந்திருக்கிறதா? மேலே 'நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்', கீழே பொத்தானில் 'இப்போதே வாங்கு'. ஏதோ ஒன்றை முடிவு செய்து தாளிலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்க்கும் சில சொற்களும் உண்டு: தடையற்ற, இணையற்ற, பயணம், அனுபவம், அடுத்த கட்டம். இவற்றைப் பயன்படுத்தாதே என்று பட்டியலாகக் கொடுத்தால் ஓரளவு கேட்கும். மீறி வந்ததைக் கையால் எடுங்கள்.

எழுத்துப்பிழை தனிச் சிக்கல். ல, ள, ழ மாறுவதும் ஒற்று விடுபடுவதும் நடக்கும். பிழை பார்க்கச் சொன்னால், சரியாக இருந்ததையும் சேர்த்து மாற்றி வைக்கும். சமூக ஊடகப் பதிவென்றால் பிறகு திருத்திக்கொள்ளலாம். அச்சுக்கோ பெயர்ப்பலகைக்கோ போவதை மெய்ப்புப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அனுப்ப வேண்டாம்.

## அறிகுறி: நாம் சொல்லாத விஷயம் எழுத்தில் இருக்கிறது

இல்லாத உத்தரவாதம், வாங்காத விருது, 'ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள்', 24 மணி நேர சேவை. மற்ற அறிகுறிகளில் பணம்தான் வீணாகும். இதில் வம்பு வரும். அதனால் தாமதிக்காமல் பதிவை முதலில் மறைத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து பாருங்கள்.

வரைவில் உள்ள எண்கள், வாக்குறுதிகள், பெயர்கள், 'முதல்', 'ஒரே', 'சிறந்த' ஆகிய எல்லாவற்றுக்கும் கீழே கோடிடுங்கள். ஒவ்வொன்றும் தகவல் தாளில் இருக்கிறதா? இல்லாததை எடுத்துவிடுங்கள். ப்ராம்ப்டின் கடைசியில் "தாளில் இல்லாத எண், உத்தரவாதம், விருது எதையும் சேர்க்காதே, தகவல் தேவைப்பட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுக் குறிப்பிடு" என்று சேர்த்தால் கற்பனை குறையும். முழுதாக நின்றுவிடும் என்று நம்பிக் கோடிடும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

'வாடிக்கையாளர் கருத்து' என்று ஏஐ எழுதித் தந்ததைப் போட்டிருந்தால் உடனே எடுங்கள். அமெரிக்காவில் போலி மதிப்புரைகளைத் தடை செய்யும் விதி 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏஐ உருவாக்கிய மதிப்புரையும் அதில் அடக்கம். அந்த நாட்டில் விற்காவிட்டாலும், கூகுளில் போடும் போலி மதிப்புரையை அது தன் கொள்கைப்படி நீக்கிவிடும்.

தளத்தில் உள்ள சாட்பாட் தவறாகப் பதில் சொல்கிறதா? விலை, பணம் திரும்பத் தருதல், உத்தரவாதம் ஆகிய மூன்று பற்றிய கேள்விகளையும் அது தானாகப் பதில் சொல்லாதபடி மனிதருக்குத் திருப்பிவிடுங்கள். ஏர் கனடாவின் சாட்பாட், துக்க நிகழ்வுக்கான கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தவறான தகவல் சொன்னது. சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்ற விமான நிறுவனத்தின் வாதத்தை கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏற்கவில்லை; இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: உடல்நலம், முதலீடு, கடன், குழந்தைகளுக்கான பொருள் இவற்றில் ஏதாவது விற்கிறீர்கள் என்றால், வெளியிடும் முன்பே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். தவறான வாக்குறுதியை நம்பி யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தாலும் அப்படியே.

## அறிகுறி: விளம்பரம் நிராகரிக்கப்படுகிறது

நிராகரிப்பு அறிவிப்பில் எந்தக் கொள்கை என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் மறுபடி மறுபடி அனுப்புவதுதான் கணக்கு முடங்குவதற்கான குறுக்கு வழி.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்றால்: படிப்பவரின் தனிப்பட்ட நிலையைச் சுட்டுகிறதா என்று பாருங்கள். 'கடனில் தவிக்கிறீர்களா?', 'உங்கள் உடல் எடை உங்களைக் கவலைப்படுத்துகிறதா?' என்று கேள்வி கேட்டுத் தொடங்குவது ஏஐக்குப் பிடித்த பழக்கம். ஒருவரின் உடல்நிலை, பணநிலை, வயது, மதம் போன்றவற்றைத் தெரிந்ததுபோல எழுதக்கூடாது என்பது இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விதி. 'கடன் ஆலோசனை தருகிறோம்' என்று சேவையைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் தாண்டிவிடும்.

கூகுள் விளம்பரம் என்றால்: தலைப்பில் ஆச்சரியக்குறி, விளம்பர வரியில் தொலைபேசி எண், எமோஜி மூன்றையும் எடுங்கள். நீளமும் பார்க்க வேண்டும். தேடல் விளம்பரத்தில் தலைப்புக்கு 30 குறி, விவரிப்புக்கு 90 குறி. தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. '30 எழுத்துக்குள் எழுது' என்றால் ஏஐ சரியாக எண்ணாது. 'மூன்று சொல்லுக்குள்' என்று கேட்டு வாங்கி, விளம்பரப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள்.

எழுத்தில் குறை எதுவும் தெரியவில்லை என்றால் மறுபரிசீலனை கேளுங்கள். கணக்கே முடங்கியிருந்தால் புதுக் கணக்கு திறக்காதீர்கள், அதுவும் முடங்கும். அங்கேதான் விளம்பரக் கணக்கு நிர்வாகம் தெரிந்த ஒருவர் தேவை.

## அறிகுறி: நிறைய எழுதிப் போட்டும் கூகுளில் வரவில்லை

உங்கள் தளத்தை கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். அது இல்லாமல் இந்தப் பகுதியைப் படித்துப் பயனில்லை. பக்கத்தின் முகவரியை அதன் மேல்பெட்டியில் ஒட்டி, என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

'நோஇண்டெக்ஸ்' என்று வந்தால்: பக்கத்தைச் சேர்க்காதே என்று உங்கள் தளமே சொல்லிக்கொண்டிருக்கிறது. தளத்தை உருவாக்கும்போது போட்ட அமைப்பை யாரோ எடுக்க மறந்திருப்பார்கள். ஒரு டிக் எடுத்தால் சரி. சும்மா ஏஐயைத் திட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

கூகுள் இன்னும் வரவே இல்லை என்றால்: புதிய பக்கமாக இருந்தால் காத்திருங்கள். முகப்புப் பக்கத்திலிருந்து அதற்கு ஒரு லிங்க் கொடுங்கள்.

வந்து பார்த்துவிட்டுச் சேர்க்காமல் போயிருந்தால்: இங்கேதான் எழுத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஏஐ எழுதியது என்பதற்காகவே ஒதுக்குவதில்லை என்று கூகுள் 2023 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. ஆனால் தேடலில் மேலே வருவதற்காக மட்டும் பக்கங்களைக் குவிப்பதை 2024 மார்ச்சில் ஸ்பாம் கொள்கையில் சேர்த்தது. எழுதியது மனிதரா இயந்திரமா என்று அந்தக் கொள்கை பார்ப்பதில்லை. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்ட ஐம்பது பக்கங்கள் வைத்திருக்கிறீர்களா? ஒன்றிரண்டாகச் சேர்த்து, பழைய முகவரிகளை அங்கே திருப்பிவிடுங்கள். மிச்சமான பக்கங்களில் உங்களிடம் மட்டும் இருக்கும் விஷயத்தைப் போடுங்கள்: நீங்கள் எடுத்த படம், செய்து முடித்த வேலையின் விவரம், வாடிக்கையாளர் உண்மையில் கேட்ட கேள்வி. திருத்தி முடிக்கும் வரை புதிதாக எதையும் வெளியிட வேண்டாம். பலன் தெரிய மாதங்கள் ஆகலாம்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்' என்ற பகுதியில் (கூகுள் ஊழியர்கள் உங்கள் தளத்தைப் பார்த்து எடுத்த நடவடிக்கை வரும் இடம்) ஏதாவது வந்திருந்தால், அல்லது முன்பு வந்துகொண்டிருந்த பக்கங்களும் சேர்ந்து காணாமல் போனால். முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறேன் என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அப்படி யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

## அறிகுறி: மின்னஞ்சல் ஸ்பாமுக்குப் போகிறது

ஏஐ வருவதற்கு முன் நீங்களே எழுதிய பழைய மின்னஞ்சல் ஒன்றை அதே சேவை வழியாக உங்களுடைய வேறொரு முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள்.

அதுவும் ஸ்பாமுக்குப் போகிறதா? எழுத்தைத் தொடவே வேண்டாம், பழுது அனுப்பும் முறையில். இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு, மொத்தமாக அனுப்பும் சேவை வழியாக அனுப்புகிறீர்களா? சொந்த டொமைன் (உங்கள் தளத்தின் பெயர்) முகவரிக்கு மாறுங்கள். மாறிய பிறகு மின்னஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளும் டொமைனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் மூன்றும் கட்டாயம். குறைவாக அனுப்பினாலும் போட்டுவிடுவது நல்லது. இதெல்லாம் புரியவில்லை என்றால் டொமைனைப் பராமரிப்பவரிடம் விடுங்கள். தவறாகக் கைவைத்தால் வழக்கமான மின்னஞ்சலும் நின்றுபோகும்.

பழையது சரியாகப் போகிறது, ஏஐ எழுதியது மட்டும் சிக்குகிறதா? தலைப்பு வரியையும் லிங்குகளையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். கூடவே, எழுதுவது சுலபமான பிறகு எத்தனை தடவை அனுப்புகிறீர்கள் என்றும் பாருங்கள். மாதம் ஒன்று போனது வாரம் மூன்றாகியிருக்கும். பெறுபவர்கள் எரிச்சலில் ஸ்பாம் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். அந்தப் புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது என்பது ஜிமெயிலின் வரம்பு. இனி அனுப்ப வேண்டாம் என்று விலகும் லிங்க் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

## அறிகுறி: எஸ்எம்எஸ் செலவு திடீரென்று ஏறிவிட்டது

ஆங்கிலச் செய்தி என்றால் ஏஐ போட்ட வளைந்த மேற்கோள் குறி, நீளக் கோடு, எமோஜி இவற்றைத் தேடுங்கள். ஒன்று இருந்தாலும் போதும், 160 குறி கொள்ளும் செய்தி 70 ஆகச் சுருங்கி, ஒன்றுக்கு இரண்டு மூன்றாகக் கட்டணம் விழும். சாதாரணக் குறிகளாக மாற்றினால் தீர்ந்தது. தமிழ்ச் செய்திக்கு எப்போதுமே 70தான். மேலே சொன்ன புள்ளி, கொம்புக் கணக்கு இங்கேயும் உண்டு.

## அறிகுறி: படிக்கிறார்கள், ஆனால் யாரும் வாங்கவில்லை

முதலில் உங்கள் கைபேசியில் விளம்பரத்தைத் தொட்டு, வாங்கும் கட்டம் வரை நீங்களே போய்ப் பாருங்கள். லிங்க் உடைந்திருப்பது, வாட்ஸ்அப் எண்ணில் ஒரு இலக்கம் தவறியிருப்பது, பக்கம் திறக்க யுகம் ஆவது எல்லாம் சர்வசாதாரணம்.

அது சரியாக இருந்தால், விளம்பரம் சொன்னதும் பக்கம் சொல்வதும் ஒன்றுதானா? விளம்பரத்தை ஒரு சாட்டிலும் பக்கத்தை இன்னொரு சாட்டிலும் எழுதி வாங்கியிருந்தால் இரண்டும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். அடுத்தது, பக்கத்தில் எத்தனை வேண்டுகோள்? 'அழையுங்கள், பின்தொடருங்கள், பதிவிறக்குங்கள், பகிருங்கள்' என்று நான்கையும் ஏஐ சேர்த்துவிடும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை அழித்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் அசையவில்லை என்றால், கேள்வி விலையைப் பற்றியதாகவோ பொருளைப் பற்றியதாகவோ இருக்கலாம். எத்தனை தடவை திருத்தி எழுதினாலும் அது மாறாது. வாங்காமல் போன நாலு பேரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

## அறிகுறி: திருத்தும் நேரம் எழுதும் நேரத்தைவிட அதிகமாகிறது

ஒரு வரியை மாற்ற மூன்று தடவை சாட்டில் கெஞ்சுகிறீர்களா? கையால் மாற்றுங்கள். ஒன்றைத் திருத்தச் சொன்னால் நன்றாக இருந்த வேறு இரண்டையும் மாற்றி வைக்கும். நீளமானதைப் பகுதி பகுதியாகக் கேளுங்கள், முழுசாக வாங்கித் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

மனம் நொந்த வாடிக்கையாளருக்கு மன்னிப்பு, மோசமான மதிப்புரைக்குப் பதில், விலையேற்ற அறிவிப்பு ஆகிய மூன்றுக்கும் ஏஐயின் முதல் வரைவே வேண்டாம். நாலு வரிதானே, நீங்களே எழுதிவிட்டு, எதையும் மாற்றாமல் பிழையைச் சுட்டிக்காட்ட மட்டும் சொல்லுங்கள்.

அப்படியும் வாரத்தில் அரை நாள் இதிலேயே போகிறது என்றால் பகுதிநேரமாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். தகவல் தாளை முதல் நாளே அவர் கையில் கொடுங்கள். விளம்பரக் கணக்கு, டொமைன், பக்கங்கள் எல்லாவற்றின் உரிமையும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கடவுச்சொல்லைக் கொடுக்காமல், அவருடைய மின்னஞ்சலுக்குத் தேவையான அனுமதியை மட்டும் சேர்த்துக் கொடுங்கள்.